ரயிலை நிறுத்தியவளும் நான் வெட்டாத வரியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கடத்தூர் போயிருந்தேன். டிவி பார்க்க அல்ல... மன்னிப்புக் கேட்க.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு கிலோ ஆரஞ்சு. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் ஏன் பழம் வாங்குகிறார்கள்? வாய் சொல்லத் தயங்குவதைப் பழம் சொல்லிவிடும் என்கிற நப்பாசைதான்.

போன மாதம் இந்தப் பக்கத்தைப் படிக்காதவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலையில் ஒரு வெளிநாட்டுத் தொடர் வருகிறதே, அதைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே எடுத்துப் பல வருஷமாகிவிட்ட பழைய சரக்கு. நமக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் இந்திப் பேச்சோடு. கதாநாயகி ஆஸ்பத்திரி நர்ஸ். கைக்கடிகாரத்தைக் கழற்றினால் போதும் – அசுர பலம் வந்துவிடும். லாரியைத் தூக்குவாள், சுவரை உடைப்பாள். வேலை முடிந்ததும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஊசி போடப் போய்விடுவாள்.

என் பள்ளித்தோழி மெஹருன்னிசாவுக்குக் கடத்தூரில்தான் வீடு. கணவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் முதலில் டிவி வந்தது அவர்கள் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே ஆஜர். ஒருவருக்கும் இந்தி தெரியாது. வீட்டில் உருது பேசுகிற மெஹரு, பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனத்தையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். நடுநடுவே தன் சொந்த வசனமும் சேர்ப்பாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தக் கட்டுரைக்காக நான் அங்கே போன அன்று வந்த கதை இது. தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பிய நர்ஸ், பிரேக் பிடிக்காமல் வரும் ரயிலைத் தோளால் தாங்கி நிறுத்துகிறாள். அதனால் கல்யாணத்துக்குத் தாமதம். அம்மா வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டித் தீர்க்கிறாள். ரயிலை நிறுத்தினேன் என்று சொல்ல முடியுமா? ரகசியமாயிற்றே. தலையைக் குனிந்தபடி நிற்கிறாள். அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

மெஹரு டிவியை அணைத்தாள். நான் நோட்டை எடுத்தேன். எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.

"ரயிலைத் தோள்ல நிறுத்துனா தோள் என்னாத்துக்கு ஆவும்? பசங்க இதையெல்லாம் நம்பிடுதுங்க" என்றார் ஒரு டீச்சர்.

"அதை வுடுங்க டீச்சர். அக்காக்காரி வரலைன்னா நாத்தனார் முடிச்சு யாரு போட்டாங்களாம்?" என்றார் இன்னொருவர். அந்த ஊரில் தாலியே கிடையாது என்று மெஹரு விளக்கிப் பார்த்தாள். ஏற்பார் இல்லை.

மூலையில் அந்தத் தெரு மருமகள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கைப்பட்டு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவர் மெதுவாகச் சொன்னார்: "ரயிலை நிறுத்துனது பெரிசு இல்லீங்க. அவங்கம்மா திட்டுறப்ப வாயத் தொறக்காம நிக்கிறா பாருங்க... அதுக்குத்தான் பலம் வேணும்."

கொஞ்சம் நிறுத்தி, "எங்க வூட்ல நானும் தெனம் அப்படித்தாங்க நிக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது பின்னாலேயே ஓடி வந்தார். "அக்கா, பேரு போடுவீங்களா?"

"தெருப் பேரோடு போடுவேன்" என்றேன். முகமெல்லாம் மலர்ந்தது. உடனே, "கடைசியா சொன்னது மட்டும் வேணாங்க்கா. சும்மா சிரிப்புக்குச் சொன்னது. எங்க அத்தை தங்கமானவங்க. கோவம் வந்தா பேசுவாங்க, அவ்வளவுதான்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். நான் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால், அந்த வரி இல்லாமல் கட்டுரை சப்பென்று இருந்தது. அடித்தேன். திரும்ப எழுதினேன். மறுபடியும் அடித்தேன்... கடைசியில் போட்டுவிட்டேன். பெயரையாவது மாற்றியிருக்கலாமே? பெயரைப் பார்க்க ஆசைப்பட்டாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் ஆட்களைக் கற்பனை செய்கிறேன் என்று உங்களில் சிலர் எழுதுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

நீங்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் மெஹருவின் கடிதம் வந்தது.

அந்த மாமியாரம்மா வாரச் சந்தையில் புளி விற்கிறவர். படிக்கத் தெரியாது. பக்கத்தில் வெங்காயம் விற்கிறவர் நம் வாசகர். "உம் மருமவ பேரு புஸ்தவத்துல வந்திருக்குது" என்று அவர் சொன்னதும் அந்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, "நல்லா சத்தமாப் படிப்பா, காது கேக்கல" என்றிருக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

வெங்காயக்காரர் படித்திருக்கிறார். கடைசி வரி வந்ததும் குரலைத் தாழ்த்தியிருக்கிறார். "என்னா? இன்னொருக்கா படி." மூன்றாம் முறை படிக்கும்போது சந்தையே திரும்பிப் பார்த்ததாம். அந்த அம்மா புளியைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வியாபாரத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதைத் தெரிந்துகொண்டுதான் ஆரஞ்சோடு போனேன்.

மருமகள் இப்போது டிவி பார்க்க வருவதில்லை. மெஹரு ஆளனுப்பி, கொல்லைப்பக்கமாக வரவழைத்தாள்.

"போகக்கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லலைங்க்கா. ஒண்ணுமே சொல்லல. அன்னிக்கிலேருந்து எங்கூட ஒரு சொல்லு இல்ல. கொழம்புல உப்பு போட மறந்தாலும் பேசாம சாப்புடுறாங்க. நேத்து பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திடுச்சு... பாத்துக்கிட்டே நின்னாங்க. திட்டிட்டாக்கூடத் தேவலாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப வாயத் தொறக்காம நிக்கிறது அவங்கதாங்க்கா."

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன்.

பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தானே நம் ஊரில் சொல்வார்கள்? அவர் சொல்லவில்லை.

"வேணாம்னு சொன்னேனேக்கா" என்றார்.

நேரே மாமியாரிடமே வந்து சொல்கிறேன் என்று எழுந்தேன். "வேணாங்க. நான் கூட்டியாந்து சொல்ல வெச்சதா நெனைச்சுக்குவாங்க" என்று தடுத்தார்.

"வேணாம்னு கேட்டுக்கிட்டதை நீயாவது அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. அச்சுல வந்ததை நம்புவாங்களா, நான் சொல்றதை நம்புவாங்களா?" கொல்லைக் கதவு வரை போய்த் திரும்பினார். "அதையும் அச்சுலயே போட்டுருங்க. எம் பேரு மட்டும் வேணாம்."

ஆரஞ்சை அவர் தொடவே இல்லை. மெஹருவின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் தருமபுரி திரும்பும் வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முன்பின் தெரியாத ஒரு வயதான பெண்மணியின் வாயை, ஒரு நல்ல வரிக்கு ஆசைப்பட்டு அடைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதனால் இந்த வாரம் மற்ற வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இது ஒரே ஒருவருக்காக.

கடத்தூர் சந்தையில் வெங்காயம் விற்கும் ஐயா... இந்த இதழும் உங்கள் கைக்கு வரும். புளிக்கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: "அம்மா, அந்த வரியைப் போட வேண்டாம் என்று உங்கள் மருமகள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். அத்தை தங்கமானவங்க என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போட்டது நான்."

மூன்று தடவை படியுங்கள் ஐயா. சந்தைக்கே கேட்கட்டும்.