வலித்திருந்தால் வந்திருப்பார்கள்

எங்கள் தொழிலில் யாருக்கும் பார்வையைக் கொடுப்பதில்லை. எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து எழுதுகிறோம்.

நான் கிளாக்கோமா ஆராய்ச்சியில் இருக்கிறேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் அது. பெரும்பாலும் வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வை குறைந்துகொண்டே வரும்; நேரே பார்ப்பது வெகுநாள் தெளிவாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். திருவண்ணாமலையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதும், வருஷா வருஷம் கூப்பிட்டு அளப்பதும் என் வேலை. கெட்ட செய்தியை முதல் ஆளாகச் சொல்லும் உத்தியோகத்தில் நீங்களும் இருந்தால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

மறைத்த கண்

அடி அண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் முகாம். ஜன்னல்களைச் சாத்தி, விளக்குப் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு வந்ததால் வந்திருந்தார் ஒரு விவசாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நெல்லுல கல்லு பொறுக்குவேன்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இடது கண்ணை மறைத்தேன். பலகையில் இருந்த எண்களைக் கடைசி வரிவரை படித்தார். அடுத்து வலது கண்ணை மறைத்தேன். சிரிப்பு நின்றது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடது கண் போய் எத்தனை வருஷம் ஆனது என்று அவருக்கும் தெரியாது, எங்களாலும் சொல்ல முடியாது. அவர் கேட்டது இவ்வளவுதான்:

"ஏம்மா, கரண்ட் போயிடுச்சா?"

பொத்தான்

பார்வையின் பரப்பை அளக்க ஒரு மிஷின் இருக்கிறது. முகத்தை அதில் பதித்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வேங்கிக்காலில் இருந்து வந்த பஸ் டிரைவர் ஒருவர் வெளிச்சம் வராதபோதும் அமுக்கித் தள்ளினார். மிஷின் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். என்னோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன் குமுதா மறுபடி உட்கார வைத்தாள். மறுபடியும் அதே கதை.

"தெரியலைன்னா அமுக்காதீங்கண்ணா. இது என்ன பரீட்சையா?" என்றாள்.

"எனக்குப் பரீட்சைதாம்மா. ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு."

மூன்றாம் தடவை உள்ளபடி அமுக்கினார். தாளில் வந்த படத்தில் நடுவே சின்ன வட்டம் மட்டும் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு, இடது பக்கம் ரொம்ப மோசம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், தானாகச் சொன்னார்: போன மாசம் செங்கம் ரோட்டில் இடது பக்கமாக ஒரு பெண் சைக்கிளில் வந்திருக்கிறாள். கண்டக்டர் கத்தியதால் பிரேக் போட்டிருக்கிறார். அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

ஆராய்ச்சிக்கு வந்தவரின் முடிவை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல், "இனிமே ஓட்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவரே அந்தத் தாளை டிப்போவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பரிசோதனை முடிந்து நாற்காலியை விட்டு எழும்போது என்னிடம் சொன்னது இது:

"அந்தப் பக்கம் யாரும் வரலைன்னுல்ல மேடம் இத்தனை நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

ரமணாசிரமம் பக்கத்து அறை

சென்னையில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்று, ஆசிரமத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருந்தார் ஒருவர். தினமும் தியானம். இரண்டு கண்ணிலும் நோய் முற்றிவிட்டது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவிடப் போனேன். எதிரே பஸ்ஸும் ஆட்டோவுமாக ரோடு. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே பார்க்கக் கத்துக்கிட்டேம்மா, ரோடு தாண்டறதுக்குத்தான் வழி தெரியல."

யார் போட்டது

வயலும் மாடுமாக இருக்கும் சமணக் குடும்பம் ஒன்று. அம்மாவைப் பரிசோதிக்கத்தான் போனோம். அவருக்கு ஒன்றுமில்லை. கூட உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு வயது மகள் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்ததைக் குமுதா கவனித்தாள். அழுத்தம் பார்த்தால், சாதாரணமாக இருப்பதைப்போல இரண்டு மடங்கு.

பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே அவளுக்குக் கண் அரிப்பு. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்ட அன்றைக்கே அரிப்பு நின்றது. அம்மா விடாமல் வாங்கி, தன் கையாலேயே போட்டு வந்திருக்கிறார். காலி டப்பாவை எடுத்து வந்து பெருமையாகக் காட்டினார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. டாக்டர் பார்வையில் இல்லாமல் வருஷக்கணக்கில் போட்டால் இந்த நோயைக் கொண்டுவரும். அதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. படிவத்தில் அடுத்த கேள்வி, டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து வாங்கியது யார் என்பது. நான் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் குறுக்கே வந்தாள்:

"நானேதான் வாங்கிப் போட்டுக்கிட்டேன், அப்படியே எழுதிக்கோங்க."

ஒரு பாட்டில்

எங்கள் ஆராய்ச்சியில் இருந்த ஓர் அம்மாவுக்கு மாசம் ஒரு பாட்டில் சொட்டு மருந்து இலவசமாகக் கொடுத்துவந்தோம். ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை, பார்வை சுருங்கிக்கொண்டே போனது. மருந்தில்தான் கோளாறோ என்று டாக்டருக்கே சந்தேகம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே அவருடைய தங்கை இருந்தார். அவருக்கும் அதே நோய். புகுந்த வீட்டில் தெரிந்தால் பேச்சு வருமென்று ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்திருக்கிறார். ஒரு நாள் அக்காவுக்கு, ஒரு நாள் தங்கைக்கு என்று அந்த ஒரே பாட்டிலைப் பங்கு போட்டு, இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

அன்றே தங்கையைக் கூட்டி வந்து தனியாக மருந்துக்கு ஏற்பாடு செய்தோம். அவருக்கு ஒரு கண் பரவாயில்லை. அக்காவுக்கு நிழலாட்டம் மட்டுமே மிச்சம். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அக்கா என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"சொன்னா எனக்குக் குடுக்கறதையும் நிறுத்திடுவீங்களோன்னு பயம்மா."

மாசக் கடைசியில் தலைமை ஆபீசில் இருந்து, எப்படிப் போகிறது என்று கேட்பார்கள், போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று பதில் எழுதுவேன், எது போகிறது என்று அவர்கள் இதுவரை கேட்டதில்லை.