அப்பா செதுக்கிய சுரங்கம்

எண்பதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சீசன் முடிந்து, கடைகளுக்குப் படுதா போர்த்திவிட்டிருந்த நவராத்திரி நேரம். தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என்னை எதிர்பார்க்க அங்கே யாரும் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நான் தேடி வந்தது ஒரு மரச் சுரங்கம். வடக்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் தச்சு வேலை பார்த்த அப்பா, தான் தினமும் இறங்கும் பழைய சுரங்கத்தை மாதிரியாக, தட்டுத் தட்டாகச் செதுக்கிக் கண்காட்சிக்கு வைத்தது. பிறகு அந்தச் சுரங்கத்திலேயே பாறை சரிந்தது. அப்பாவின் உடல் மேலே வரவே இல்லை, வழியையும் மூடிவிட்டார்கள். எனக்கு விவரம் தெரியாத வயது. அந்த மரத்தைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா தென்காசியில் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா கிடக்கும் இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை.

பள்ளிக் காவலாளி சிரித்தார். “தங்கச் சுரங்கமா தேடுதிய? கெடச்சா எனக்கும் ஒரு சவரன் கொண்டாங்க அண்ணாச்சி.” பிறகு, பழைய சாமான்களோடு அதை ஏலத்தில் எடுத்த குற்றாலத்து வீட்டுக்கு வழி சொன்னார்.

தூறலில் போய் நின்றேன். கொலு பார்க்க வந்தவன் என்று நினைத்து அந்த வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டார். படிகளுக்குப் பக்கத்தில் அது நின்றது. பச்சை வர்ணம் அடித்து, உச்சியில் பஞ்சு மேகம் ஒட்டி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சித்தர் பொம்மை, கண்ணை மூடிக்கொண்டு.

“பொதிகை மலை அண்ணாச்சி. சித்தர் குகை எல்லாம் என்னமா செஞ்சிருக்கான் பாருங்க!”

இது மலை இல்லை, அப்பா செதுக்கிய சுரங்கம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஏட்டி, பாட்ட நிறுத்து” என்று கொலு முன்னால் பாடிக்கொண்டிருந்த மகளை அதட்டினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “எந்தக் குகையில இருக்காக, உங்க அப்பா?”

என் அம்மா சொல்லியிருந்தாள்: அடியிலிருந்து இரண்டாவது தட்டு. விரலால் காட்டினேன். அவர் அங்கிருந்த சித்தரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இது அவுக எடம்லா.” காலியான அந்தச் சின்ன இருட்டுக்கு முன்னால் விளக்கை நகர்த்தி வைத்தார்.

“கொண்டு போறதுன்னா கொண்டு போங்க அண்ணாச்சி.”

கொண்டு போகத்தான் வந்தேன். ஆனால் எந்நேரமும் பூட்டிக் கிடக்கும் என் ஒற்றை அறை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.

அதுவரை அப்பா இல்லாததை நான் ஒருவன்தான் சுமந்துகொண்டிருந்தேன். இப்போது நவராத்திரி வந்தால், எங்கோ ஒரு வீட்டில் எனக்காக ஒரு பொம்மையைக் குறைத்து வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், தனிமை கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது.