சீர் அலமாரியின் சாய்ந்த தலை

எங்கள் படுக்கையறை அலமாரியைப் புதிதாகப் பார்ப்பவர்கள் கட்டாயம் ஒரு தடவை தலையைச் சாய்ப்பார்கள். அதன் கதவு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சரிந்து இறங்கும். சமமான கான்கிரீட் கூரைக்குக் கீழே இப்படி ஒன்று நிற்பது வேடிக்கைதான். அது என் கல்யாணச் சீர். அதற்கு அந்தத் தலையைக் கொடுத்தவர் என் மாமியார்; நான் அத்தை என்று கூப்பிட்டவர்.

கோத்தகிரியில் அவர்களுடையது தகரக் கூரை வீடு. எங்களுக்கு ஒதுக்கியது மேல் மச்சு. நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். ஓரத்துக்குப் போகப் போக, தகரத்துக்கு அடியில் அடித்த பலகைக் கூரை இறங்கி வந்து தலையில் இடிக்கும். திருப்பூரிலிருந்த என் அப்பாவுக்கு இது தெரியாது. ஓர் உயரப் பெட்டியும் சில சின்னப் பெட்டிகளுமாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் அலமாரி அப்போது புதுசு. மகளுக்கு அதைத்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூரை எவ்வளவு உயரம் என்று போனில் கேட்டார். என் கணவர் மச்சின் நட்டநடுவில் டேப்பைப் பிடித்து, எட்டடி என்று சொல்லிவிட்டார். சமவெளிக்காரருக்குக் கூரை என்றால் எங்கும் ஒரே உயரம். மலைக்காரருக்கோ அது சரியும் என்பது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

கல்யாணம் முடிந்த வாரத்திலேயே அப்பா வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மச்சின் நடுவில் படிக்கட்டு ஏறிவரும் வழி, அதனால் ஓரத்தில்தான் வைத்தாக வேண்டும். உயரப் பெட்டியை எப்படித் திருப்பினாலும் கூரை இடித்தது. கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள், அளவுகூடக் கேட்காமல் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பேசியது மேலே நன்றாகக் கேட்டது. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. திருப்பி எடுத்துப்போய் வேறு கொண்டுவருகிறேன் என்றார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அவர் அப்படிக் கூனிக்குறுகி நின்றார். வந்த சீர் திரும்பிப் போனால் ஊர் வாயை மூட முடியுமா? காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

அத்தை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையரானவர். புலம்பலைக் கேட்டுக்கொண்டு நிற்கிற வழக்கமே கிடையாது. விறுவிறுவென்று கீழே போய் ரம்பத்தோடு வந்தார். அப்பா பதறிவிட்டார். சீராக வந்ததை அறுப்பதா, அபசகுனம் அல்லவா என்றார்.

"ஏனுங்க சம்மந்தி, சீர்த்தட்டுல வர்ற ரவிக்கைத் துணிய வெட்டாமயா போட்டுக்கறோம்? உடம்புக்குத் தக்கனதானுங்க தைக்கோணும். இந்த ஊட்டோட உடம்பு இப்படி. அந்தப் பக்கம் புடிங்க."

அப்பா குனிந்து அந்தப் பக்கம் பிடித்தார்.

சின்னப் பெட்டிகளை அத்தை கூரை தாழும் மூலையில் தரையிலேயே வரிசையாக வைத்தார். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கூரையின் சரிவைப் பென்சிலால் இழுத்து, அதை அப்படியே உயரப் பெட்டியின் முதுகுப்பலகையிலும் கதவிலும் வைத்துக் கோடு போட்டார். தாழ்கிற பக்கத்துப் பலகையைக் குட்டையாக்கி, மேல்பலகையைச் சாய்த்துப் பூட்டினார்கள். மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கினால் இந்தப் பலகை ஊறி உப்பிவிடும் என்று, அறுத்த விளிம்பெல்லாம் பெயின்ட் பூசச் சொன்னார். பூசியது அப்பா. சட்டையெல்லாம் பெயின்ட்டும் மரத்தூளும்; அதற்குள் இரண்டு பேரும் எந்தப் பக்கம் இழுப்பது என்று சண்டை போடுமளவுக்கு வந்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் அத்தை சொந்தக்காரர்களை மேலே கூப்பிட்டார். மச்சுக்குப் பொருந்துகிற மாதிரி சம்மந்தியே நின்று செய்து கொடுத்தார் என்று சத்தமாகச் சொன்னார். மகன் கொடுத்த அளவுதான் தப்பு என்பதையும் மறைக்கவில்லை. என்ன மனுஷி! அன்றைக்கே நான் அவருக்கு மகளாகிவிட்டேன்.

அறுத்தெடுத்த முக்கோணத் துண்டுகளை அவர் எறியவிடவில்லை. நேரான வீடு கட்டினால் ஒட்டிக்கொள்ளலாம் என்று சிரித்தார். அந்த வீட்டைக் கட்டும்போது அவர் இல்லை. சென்ற மாதம் குடிவந்ததும், அலமாரியை மாட்ட வந்த ஆசாரி அந்தத் துண்டுகளை வாங்கிக் கதவின் தலையில் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தன. ஒட்டிவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

இப்போது எங்களோடு இருக்கும் அப்பா, கட்டிலில் படுத்திருந்தவர், தடுமாறி எழுந்து வந்தார். சாய்ந்த விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒட்ட வேண்டாம் தம்பி," என்றார். "அது நானும் சம்மந்தியம்மாவும் அறுத்ததுங்க."