இசைன்னு மட்டும் போட்டா எப்படி?

என் அப்பாவுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி இல்லை. போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் முக்கால்வாசி நாள் வண்டியோடுதான் இருப்பார். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று முதலில் வலது காது மந்தமானது, பிறகு இடது. நான் பெரம்பலூரில் காலேஜ் சேர்ந்த வருஷம் சுத்தமாகப் போய்விட்டது.

திருச்சியில் காது டாக்டரிடம் காட்டினோம். மெஷின் மாட்டிப் பார்த்தார்கள். அப்பா அதைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "இரைச்சல்தாங்க வருது, பேச்சு வரல" என்றார். நரம்பே போய்விட்டது, மெஷினால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"தம்பி, காது போனவங்க கொஞ்சங் கொஞ்சமா பேச்சையும் விட்டுடுவாங்க. தன் கொரலே தனக்குக் கேக்காதுல்ல. உச்சரிப்பு கொழகொழன்னு ஆகும், ஆனதும் வெக்கப்பட்டுக்கிட்டு வாயைத் தொறக்க மாட்டாங்க. விட்டுடாதீங்க. எதையாவது கேட்டுப் பேச வெச்சுக்கிட்டே இருங்க."

டாக்டர் சொன்னது சீக்கிரமே ஆரம்பித்தது. அப்பா டீக்கடையில் டீ கேட்டால் மெயின் ரோட்டில் போகிற சிமெண்ட் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவு சத்தம். "அண்ணே, கோயில் திருவிழாவுக்கு ரேடியோ செட்டே வேணாம்ணே, ஒங்கள நிக்க வெச்சுடலாம்" என்று ஒருத்தர் சொன்னதற்கு பெஞ்சே சிரித்தது. சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. சிரித்தது தெரிந்தது. அதோடு டீ வீட்டில்தான். வீட்டிலும் சோறு, தண்ணி, கரண்ட் வந்துடுச்சா, அவ்வளவுதான் பேச்சு.

இந்தச் சமயத்தில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஹாஸ்டலில் வைஃபை கிடைத்த புதிதில் எதையோ தேடப்போய் எதிலோ விழுந்தேன். இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களைப் பற்றி அந்தந்த நாட்டு டிவிகள் எடுத்த ஆவணப்படங்கள். அதற்கு முன்னால் எனக்கு வயலினுக்கும் வீணைக்கும் உருவ வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒரு பழைய வீடு, ஜன்னலுக்கு வெளியே பனி, நாற்காலியில் ஒரு கிழவி. "அவர் இந்த இடத்தில்தான் உட்காருவார்" என்பாள். கேமரா அந்தக் காலி இடத்தைக் காட்டும். கூடவே அவருடைய இசை. அதுவும் எப்படிப்பட்ட இசை! பாட்டு மாதிரியே இருக்காது. முறியும், கிறீச்சிடும், நடுவில் நின்றுபோகும். ஒரு வாத்தியக்காரர் வயலின் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அந்த நிறுத்தம் ஏன் அங்கே வருகிறது என்று கண் விரியச் சொல்வார். போர், பசி, நாடு விட்டு நாடு ஓடினது எல்லாம் அந்த நிறுத்தத்துக்குள் இருக்கிறது என்பார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வராந்தாவில் நடப்பேன். உட்கார முடியாது.

என் ரூம்மேட்டுக்கு நான் ஒரு காமெடி. "எவனோ வெள்ளக்காரன் செத்து எத்தனையோ வருசம் ஆவுது, இவன் இங்க காரியம் பண்ணிக்கிட்டிருக்கான்" என்று மெஸ்ஸில் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

காலேஜ் முடித்து பெரம்பலூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர் அரியலூர் போகிற வழியில், பஸ்ஸில் வந்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படங்களில் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் இருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு அந்த அம்மா? எதுக்கு அழுவுது?" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி.

கீழே ஓடின எழுத்து இங்கிலீஷ். அப்பா எட்டாவது வரை படித்தவர், தமிழ் நன்றாகப் படிப்பார். போனில் தட்டிக் காட்டினேன்: புருஷனைப் பத்திச் சொல்றாங்க, பாட்டு எழுதினவரு. படிப்பதற்குள் அந்த அம்மா போய் வேறு யாரோ வந்துவிட்டார்.

அடுத்த வாரமே தமிழில் சப்டைட்டில் போட ஆரம்பித்தேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இங்கிலீஷ் எழுத்தைத் தமிழாக்கி, கேட்டுக் கேட்டு நிறுத்தி, எந்த நொடியில் எந்த வரி வரவேண்டும் என்று தட்டிக்கொண்டே போகவேண்டும். பொறுமைதான் வேண்டும். எனக்கு அது கிடையாது, ஆனாலும் செய்தேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அப்பா சப்டைட்டிலை வாய்விட்டுப் படித்தார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக, உரக்க. அம்மா அடுப்படியில் இருந்தபடியே முழுப் படத்தையும் அவர் குரலில் கேட்டாள். வடாம் பொரித்துக்கொண்டே, "அந்தப் பொண்டாட்டி திரும்பி வந்தாளா, இல்லையாடா?" என்பாள். வரவில்லை என்பேன். "நல்லவேள" என்பாள். அப்பாவைப் பற்றி அவர் முன்னாலேயே சத்தமாகப் பேசுகிற பழக்கமும் அம்மாவுக்கு வந்திருந்தது. "பாருடா, ஒங்கப்பன் தந்தி டிவியில நியூஸ் வாசிக்கிறாப்புல வாசிக்கிறாரு. கட்டிக்கிட்ட நாள்லேருந்து எங்கிட்ட இவ்ளோ பேசினதில்ல."

ஒருநாள் அப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். "என்னடா இது, அப்பப்ப இசை, இசைன்னு போட்டு வெச்சிருக்க?"

பேச்சு இல்லாமல் வாத்தியம் மட்டும் வருகிற இடங்களில் நான் அடைப்புக்குறிக்குள் இசை என்று போட்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்.

"இசைன்னு மட்டும் போட்டா எப்படி? கொழம்புன்னு மட்டும் சொல்ற மாதிரி இருக்கு. என்ன கொழம்பு, அதைச் சொல்லு."

அன்றிலிருந்து அந்த இடங்களை எழுத ஆரம்பித்தேன். அந்த இசையை என்ன சொல்லி எழுதுவது? இனிமை, சோகம் என்றெல்லாம் எழுதினால் அப்பா, "கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதாத" என்றார். அதனால் அவருக்குத் தெரிந்த சத்தங்களாக எழுதினேன். சுண்ணாம்புக்கல் லாரி இறக்கத்தில் பிரேக் போடுது. எறையூர் ஆலைக்குப் போற கரும்பு டிராக்டர், ஒண்ணு பின்னால ஒண்ணு, தூரத்துல. ஈரத் துணியைக் கல்லுல அடிக்கிறாங்க, ஆனா ரொம்ப மெதுவா. முந்திரித் தோப்புல காஞ்ச எல மேல யாரோ நடக்குறாங்க, நடந்து நிக்கிறாங்க.

ஒரு படத்தில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. போர்வெல் வண்டி பாறையில் முட்டுது என்று போட்டேன். அப்பா அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் இதைக் கேட்டுத்தானடா காதைத் தொலைச்சேன். இவனுங்க கோட்டுப் போட்டுக்கிட்டு, டிக்கெட் எடுத்துக்கிட்டு உக்காந்து கேக்குறானுங்க பாரு." திரையில் இருந்த இசையமைப்பாளரிடமே பேச ஆரம்பித்தார். தான் எழுதியதை எல்லாம் ஒருத்தர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார் என்று வந்தபோது, "ஏன்யா, அறிவிருக்கா? ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுக் கொளுத்தக்கூடாதா?" என்று சண்டை பிடித்தார். நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். டாக்டர் சொன்னதை ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல். வாரம் ஒரு படம் தயார் செய்தேன். பஸ்ஸில், சென்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருக்கும்போதுகூட அதே வேலை.

ஒருநாள், பியானோ தனியாக வருகிற ஓர் இடத்துக்கு, தகரத்துல மழை, இப்பத்தான் தொடங்குது என்று எழுதியிருந்தேன். எனக்கே பிடித்த வரி அது. அப்பா வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது எப்படிடா இருக்கும்?"

விளையாடுகிறார் என்று நினைத்து விரலால் தரையில் தட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து எதையோ தேடினார். "தகரம் தெரியுது. மழை தெரியுது. சத்தம் வரமாட்டேங்குது" என்றார்.

ஐப்பசியில் மழை வந்தது. அப்பா மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்று, தலைக்கு மேல் இருந்த தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். நான் குடையோடு போய் என்ன என்று தலையாட்டிக் கேட்டேன். "நடுங்குது" என்றார்.

அப்போதே அவர் பேச்சு மாற ஆரம்பித்திருந்தது. கூடவே இருந்ததால் நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ற, ழ எல்லாம் மழுங்கி, ஒரு வார்த்தை அடுத்த வார்த்தைக்குள் வழிந்தது. திரையில் எழுத்து இருந்ததால் அவர் படிப்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு அடுப்படியில் திரை இல்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவியில் ஓடிய எழுத்தைப் படித்தாள். வேறொன்றும் இல்லை. கதையில் என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள வந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் தன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பதைப் பார்த்தார். இவ்வளவு நாளும் தன் குரலை வைத்தே கேட்டுக்கொண்டிருந்தவள் ஏன் எழுந்து வந்தாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வரியை அவர் படிக்கவில்லை. அதற்கடுத்த வரியையும்.

அதன்பிறகு சில வாரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

அம்மா என்னிடம், "நான் உள்ள வந்திருக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லம்மா என்றேன். அவளும் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

நான் விடவில்லை. இன்னும் வேகமாகப் படங்கள் தயார் செய்தேன். சத்தத்தை விட்டுவிட்டு, தொட்டால் தெரிகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். முதுகுல எறும்பு ஊருது. கெணத்துத் தண்ணியில மொத கால் வெக்கிற சில்லு. பஸ் திருப்பத்துல சாயுது. வேண்டுமென்றே தப்புத்தப்பாக எழுதி, சண்டைக்காவது வருவாரா என்று பார்த்தேன். போனில் கேள்வி தட்டி நீட்டினேன்: எப்படி இருந்துச்சுப்பா? கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இல்லாவிட்டால் ஒரு "ம்". ஜெயங்கொண்டத்தில் இருந்து மாமா வந்தபோது, "மச்சான் ரொம்ப அமைதியாயிட்டாரு, நல்லாத்தான் இருக்காரு" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன மாசம் நடந்தது இது. டிவியைப் போட்டேன். அப்பா வந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். எழுத்து அந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு பேசினார். எத்தனையோ நாள் கழித்து. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது.

"நீ பாரு. நீ பாக்குறத நான் பாத்துக்குறேன்."

படம் ஓடியது. வயதான இசையமைப்பாளர் ஒருவர், தோட்டத்தில் மெதுவாக நடக்கிறார். ஒரே ஒரு வயலின். அது மேலே ஏறப் பார்க்கிறது, ஏறாமல் நிற்கிறது, மறுபடியும் ஏறப் பார்க்கிறது. அப்பா கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியை, புருவத்தை, வாயை. சப்டைட்டில் படிப்பதைப் போலவே இடமிருந்து வலமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். அப்பாவுக்குக் கேட்காது என்பதால் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"அழுவாதடா. பாட்டு அப்படித்தான் இருக்குன்னு நெனச்சுக்கப் போறாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வயலின் இன்னும் முடியவில்லை. அப்பா காத்துக்கொண்டிருந்தார். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.