தராசுக்காரர் வாங்கிய சுகர் மிஷின்

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தெருவில் தராசுக்காரர் என்றால்தான் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்ப்பதும், பிசகியிருந்தால் திருத்திக் கொடுப்பதும் முப்பது வருஷமாக அவர் பிழைப்பு. கையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே பச்சைத் துணி விரித்து, ஒரு கிராமிலிருந்து ஐந்து கிலோ வரைக்கும் எடைக்கற்கள். வெறும் விரலால் தொடமாட்டார், வியர்வை பட்டால் எடை மாறிவிடுமாம். இடுக்கியால் கல்லை எடுத்துத் தட்டில் வைப்பார், முள்ளைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "என் தராசு சரியாத்தான் இருக்கு, உங்க கல்லுதான் தப்பு" என்று எந்தக் கடைக்காரராவது வாயைத் திறந்தால் போச்சு. "கல்லு தப்பாகாதுய்யா. தப்பு எப்பவும் தராசுலதான்" என்று அடித்துச் சொல்வார். தொழிலில் அது சரியான பேச்சு. அதை அப்படியே வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தாரே, அங்கேதான் வந்தது வினை.

அவருடைய அண்ணன் சர்க்கரை வியாதியில் போனவர். முதலில் சுண்டுவிரல், அப்புறம் பாதம், கடைசியில் ஆளே போய்விட்டார். அப்போது அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. இவருக்கு ஐம்பது பிறந்த வருஷம் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தபோது கையில் கிடைத்த துண்டுத்தாளில், சர்க்கரை நோயின் அறிகுறிகள் பத்து அச்சடித்திருந்தார்கள். பத்தில் ஏழு தனக்கு இருப்பதாக அங்கேயே உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார். தாகம் இருந்தது. அசதி இருந்தது. கால் மரத்துப்போனது, அதுவும் அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததால்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. "உங்களுக்கு சுகர் இல்லைங்க. பயம்தான் இருக்கு" என்றார் அந்தப் பெண் டாக்டர். இவர் டாக்டரை மாற்றினார். அடுத்தவரும் இல்லை என்றார், அவரையும் மாற்றினார். நோய் இல்லை என்று சொன்ன ஒவ்வொருவரும் அவருக்கு எதிரியானார். குடிக்கிற தண்ணீரை டம்ளர் கணக்கில் நோட்டில் எழுதினார். காலையில் ஊசியை எடுத்து உள்ளங்காலில் குத்திப் பார்த்தார், வலித்தால் முகம் சுண்டிப்போனது. வீட்டில் சீனி டப்பாவை ஒழித்துக்கட்டினார். குளியலறை மூலையில் எறும்பு ஊர்ந்த அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும். நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை.

"பாத்தியா? மூத்திரம் போற இடத்துல எறும்பு மொய்க்குது. நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பலையே" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்து, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. அதைப் புழங்கியது இரண்டு பேர். எறும்பு வந்தது இவரைத் தேடி அல்ல. இது அந்தப் புத்திசாலியின் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை.

அவள் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை நின்ற நிலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, விடுதித் தலையணை உறை, கல்யாண மண்டபத்து மேஜைத் துணி என்று வந்து குவியும். நீராவி அடிக்கிற கூடம் என்பதால் எல்லாரும் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள். அவள் மட்டும் மூன்று வைத்திருந்தாள். ஒரு வருஷத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள், "என்னக்கா செய்றீங்க, இப்படி மெலிஞ்சிட்டீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று பொறாமைப்பட்டார்கள். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட காயம் இரண்டு மாதமாகியும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. துண்டுத்தாளில் இருந்த பத்தும் அவளிடம் நடமாடிக்கொண்டிருந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை. பார்க்க வேண்டியவர் கண்ணாடி முன்னால் நின்று தன் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தவன் அவள் தம்பி ஒருவன்தான். பைக் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து போவான்.

"மாமா, உங்க நாக்கை அப்புறம் பாருங்க. அக்கா ஏன் இப்படி வத்திப்போயிருக்கு?"

"அவளுக்கென்ன மாப்ள? கல்லு மாதிரி இருக்கா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தலைவலின்னு படுத்ததில்ல. நோயெல்லாம் எனக்குன்னே எழுதியிருக்கு."

"எழுதலைன்னாலும் நீங்களே எழுதிக்குவீங்க" என்றான் தம்பி. மனைவி சிரித்துவிட்டாள். இவருக்குச் சுருக்கென்றது. நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

டாக்டர்கள் கைவிட்ட பிறகு அவரே மருந்துக்கடையில் ஒரு சுகர் மிஷின் வாங்கினார். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் எண் வரும். தொண்ணூற்றி நாலு வந்தது. மறுநாள் தொண்ணூற்றி ஏழு, அதற்கு மறுநாள் தொண்ணூற்றி இரண்டு. மூன்று வாரம் இப்படியே போனது. மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா? படவில்லை. இவ்வளவு தாகம், இவ்வளவு அசதி, எறும்பு வேறு. அப்படியிருக்க இந்த மிஷின் எப்படித் தொண்ணூறைக் காட்டுகிறது? மிஷினிலேயே கோளாறு என்று முடிவு கட்டினார்.

கோளாறு இருக்கிற தராசை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சரியான எடை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை அதன்மேல் வைக்க வேண்டும். மிஷினின்மேல் எதை வைப்பது? நோய்நொடி இல்லாத உடம்பு ஒன்று வேண்டும். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இங்க வா. கையை நீட்டு."

"எதுக்குங்க?"

"மிஷின் சரியான்னு பாக்கணும். உனக்குத்தான் ஒண்ணும் கிடையாதே."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். குத்துவதில் அவர் கெட்டிக்காரர், வலிக்கவே வலிக்காது. மிஷின் ஐந்து விநாடி யோசித்துவிட்டு முன்னூற்று எண்பத்தாறு என்று காட்டியது.

அவர் தொடையைத் தட்டினார். "சொன்னேன்ல! மிஷின் பொய் சொல்லுது. உனக்கே முன்னூத்தி எண்பத்தாறாம்."

"அவ்வளவு இருக்கக் கூடாதாங்க?"

"அவ்வளவு இருந்தா நீ இப்படி நிப்பியா?" என்றவர் நோட்டில் அந்த எண்ணை எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'மிஷின் பழுது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவள் உள்ளே போனாள்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் விவரமானவர். மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஷின் நல்லாத்தாங்க இருக்கு. வீட்டம்மாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்களேன்" என்றார்.

"ஏங்க, முப்பது வருஷமா நான் செய்ற வேலையே இதுதான். எங்கிட்டயே சொல்றீங்களா? கல்லு தப்புன்னு சொல்ற கடைக்காரனை எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

கூட்ட நேரம். கடைக்காரர் தலைவிதியே என்று வேறு மிஷினை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து முதல் வேலையாகத் தன் விரலில் குத்தினார். தொண்ணூற்றி ஐந்து. முகம் தொங்கிப்போயிற்று.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "புது மிஷின்தானே. எனக்கும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று விரலை நீட்டினாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் தனக்கென்று கேட்டது எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

"உனக்கெதுக்கு? ஸ்ட்ரிப் வீணாப் போகும். பதினோரு நாளைக்குத்தான் இருக்கு" என்றார் அவர்.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள். பாவி மனுஷன், ஒரு ஸ்ட்ரிப்பு.

நாலு மாதம் கழித்து லாண்டரியில் கொதிக்கிற தண்ணீர்க் குழாய் ஒன்று கழன்று அவள் இடது பாதத்தில் கொட்டியது. அவளுக்கு அது தெரியவே இல்லை. பக்கத்து மேஜைக்காரி பார்த்து அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தாள். பாதம் முழுக்கக் கொப்புளம். "வலிக்கவே இல்லடி" என்று பெருமையாக வேறு சொன்னாள். வீட்டில் வந்து களிம்பு தடவிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். கால் நாறுகிறது என்று தராசுக்காரர் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, பேச்சு குழறியது. அவன் அக்காவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். இவர் பின்னாலேயே ஓடினார்.

உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள்.

நினைவு நன்றாகத் திரும்பிய பிறகு டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று விசாரித்தார். "இத்தனை நாள்ல ஒரு தடவைகூட சுகர் பாக்கலையாம்மா?"

தராசுக்காரர் முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணுமே இல்லைங்க டாக்டர். திடீர்னு வந்திருக்கு."

"பாத்தோம் டாக்டர்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்தான். "நாலு மாசம் முன்னாடி இவரே பாத்தாரு. முன்னூத்தி எண்பத்தாறு. மிஷின் ரிப்பேர்னு சொல்லிட்டாரு. அப்புறம் புது மிஷின் வந்தப்ப நானே கேட்டேன். ஸ்ட்ரிப் வீணாப் போகும்னாரு."

டாக்டர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்பவே வந்திருந்தா இந்தக் காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தம்பி சுவரைப் பார்த்து நின்றான். தராசுக்காரருக்கு அழுகை வந்தது. அழுதார். அவருக்காக யாரும் நாற்காலியை நகர்த்திப் போடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் அவளுக்குச் சுகர் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலை அவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, மிஷினையும் பஞ்சையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே வந்தார். தன் விரலைக் குத்திப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு நேரமும் இல்லை, அந்தப் பயம் எங்கே போனது என்றும் தெரியவில்லை. இப்போது இருந்த பயம் வேறு. இவளும் போய்விட்டால் என்கிற பயம்.

"கையைக் குடும்மா" என்றார். அவளை அம்மா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியைப் பிடிக்கத் தெரியவில்லை. முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவது ஆழமாக இறங்கியது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"குடு, நான் குத்துறேன். வலிக்காமக் குத்துவேன்."

"வேணாம்."

மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. ஸ்ட்ரிப்பில் தொட்டு வைத்தாள். எண் வருகிற நேரம் அவர் கழுத்தை நீட்டினார். அவள் மிஷினைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு அணைத்தாள்.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். அவள் பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவுன்னுதான் சொல்லேன்" என்று கெஞ்சினார்.

"எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள் அவள்.