வியாழக்கிழமைத் தலை

அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒடெஸா பெட்டிகுரூவிடம் தலையைக் கொடுத்தவர்கள், செத்த பிறகும் அவளிடம்தான் கொடுப்பார்கள். எங்கள் ஜனங்களுக்கு அது வழக்கம். உயிரோடு இருந்தபோது முடி அலசியவளே சவப்பெட்டிக்கும் வந்து சீவிவிட வேண்டும். வேறு கை பட்டால் முகமே மாறிப்போகும் என்பார்கள். அங்கேயும் ஒடெஸா வாய் ஓயாமல் பேசுவாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு கண்ணு" என்பாள், கடையில் சொல்வதைப் போலவே. செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

டெல்ரே மார்ஷ் பாடகர். ஒரு காலத்தில் அவர் பாட்டு ஒலிக்காத கல்யாணம் இல்லை. கடைசிப் பத்து வருஷம் ஏனென்று கேட்க நாதியில்லை. வியாழன்தோறும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜனங்கள் மொய்த்துவிடுவார்களாம், பின்வாசல் வழியாக ஒடெஸாவின் கடைக்கு வருவார். முன்வாசலில் ஈ, காக்கை இருக்காது. தொட்டியில் தலையைச் சாய்த்ததும், "யாராவது என்னப் பத்திக் கேட்டாங்களா?" என்பார். "கேக்காம? நேத்துக்கூட மூணு பேரு" என்பாள் ஒடெஸா. பச்சைப் பொய். சின்ன வயதில் விழுந்ததில் அவருக்கு இடது காதின் பின்னால் மண்டையில் ஒரு பள்ளம், கட்டைவிரல் உட்காரும் அளவுக்கு. அங்கே விரலை வைத்துக்கொண்டு சொன்னால் மனிதர் அப்படியே தூங்கிப்போவார். அவர் செத்து, சவப்பெட்டியில் சீவும்போதும் அதே பள்ளத்தில் விரல் வைத்து அதே பொய்யைத்தான் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு பள்ளி ஆசிரியைக்கு முடி அலசிக்கொண்டிருந்தபோது விரலுக்கடியில் அந்தப் பள்ளம் தட்டுப்பட்டது. ஆசிரியையின் மண்டை அவளுக்கு வருஷக்கணக்கில் பழக்கம். முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். தண்ணீர் சூடாகத்தான் வந்தது, பள்ளம் மட்டும் சில்லென்று இருந்தது. ஒடெஸா நடுங்கிக்கொண்டே குனிந்து, "கேட்டாங்க, நிறைய பேரு கேட்டாங்க" என்று முணுமுணுத்தாள். பள்ளம் மெல்ல நிரவிக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு வியாழனும் யாராவது ஒருவர் தலையில் அவர் வந்தார், கேட்டுக்கொண்டு போனார். போகப்போக அவளுக்குப் பயம் விட்டுப்போய், வியாழன் வராதா என்று இருந்தது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். டெல்ரே விஷயத்தில் பின்பாதிதான் மெய். செத்த சில மாதங்களில் உலகமெல்லாம் அவர் பாட்டு. ஆயுளெல்லாம் பாடிச் சம்பாதித்ததைச் செத்த ஒரே வருஷத்தில் சம்பாதித்தார். அது அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்கே சரியாகப் போயிற்று. வரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செத்த அன்றைக்கே அவர் பெயருக்கும் முகத்துக்கும் முப்பது மில்லியன் டாலர் மதிப்பு, அதற்கு வரி கட்டு என்றார்கள். புகழெல்லாம் பிறகு வந்தது, செத்த நாளில் அந்தப் பெயரைச் சீந்த ஆளில்லை என்று மகள் ரோஸலின் வழக்குப் போட்டாள். தோற்றால் பாட்டுகளை விற்க வேண்டும். வாங்குகிறவன் அப்பாவைச் சோப்பு விளம்பரத்தில் பாட வைப்பான்.

"கடைசிக் காலத்துல அப்பாவ யாருமே தேடலைன்னு சொன்னாப் போதும் அத்தை. உங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

"அவரு காதுல விழுமேம்மா."

"யாரு, ஜட்ஜு காதுலயா? விழணும்னுதான கூப்பிடறோம்."

சின்னதில் இவள் பின்னிவிட்ட தலை அது. ஒடெஸாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

விசாரணை வியாழக்கிழமை வந்தது. ஒடெஸா சத்தியம் செய்துவிட்டு, யாரும் கேட்கவில்லை, யாரும் வரவில்லை என்று சொன்னாள். அரசாங்க வக்கீல், டெல்ரே ஒரு சிநேகிதருக்குத் தொலைபேசியில் விட்டிருந்த செய்தியை ஒலிக்கவிட்டார். "ஒடெஸா கடையில என்னப் பத்திக் கேக்காத ஆளில்லப்பா" என்று செத்தவரின் குரல் குஷியாகப் பேசிற்று. அப்படியானால் இது என்ன என்றார் வக்கீல்.

"அது நான் சொன்ன பொய்யிங்க. பாவம், நம்பித்தான் செத்தாரு."

பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். இடது காதின் பின்னால் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள்.

ரோஸலின் ஜெயித்தாள், ஒடெஸாவின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். தீர்ப்புக்கு அடுத்த வியாழன் டெல்ரேயின் பிறந்தநாள். அவர் வந்துபோன கடையைப் பார்க்கத் தெருவே அடைத்துக்கொண்டு கூட்டம், படமும் பூவுமாகப் பாடிக்கொண்டு நின்றது. உள்ளே தபால்காரர் மனைவியின் தலை தொட்டியில் இருந்தது. பள்ளம் தட்டுப்பட்டதும் ஒடெஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நிஜத்தையே சொல்லலாம்.

"வாசல்ல பாரு கண்ணு, எவ்வளவு பேரு! எல்லாம் உன்னத்தான் கேக்கறாங்க."

பள்ளம் நிரவவில்லை. மறுபடி சொன்னாள். விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. யாரிடம் பேசுகிறீர்கள் என்று தபால்காரர் மனைவி பயந்து எழுந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்த தலைகளிலும் அது இருந்தது, சனிக்கிழமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பத் தன் தலையைச் சீவினாள். இடது காதின் பின்னால் சீப்பு இறங்கியது.

"சத்தியமாச் சொல்றேன், கேக்கறாங்க" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. நீதிமன்றத்தில் அவள் சத்தியம் செய்து சொன்னதை அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று.