ஓரகத்தி ஏற்றிய லினக்ஸ்

கூடுவாஞ்சேரி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்பே செங்கல்பட்டில் கோர்ஸ் முடித்திருந்தேன். மாமனாருக்கு ஒரு மனு அடிக்க வேண்டுமென்றாலும், மெஷின் பாதியில் நின்றுபோனாலும், "பெரியவளே" என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு செய்யூர் பக்கத்திலிருந்து ஓரகத்தி வந்தாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர். வந்த கொஞ்ச நாளிலேயே, பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சி.டி.யைப் போட்டு, மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த பழைய சாப்ட்வேரை அழிக்காமல், லினக்ஸ் என்ற இன்னொன்றையும் ஏற்றிவிட்டாள். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "சின்னவளே"தான். அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. எனக்கென்று தனியாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக் கொடுத்து, நீங்களும் பழகுங்கள் என்றிருந்தாள். அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் எரிந்தது.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம், எப்படியும் கற்றுக்கொண்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். கறுப்புத் திரை. பெயர் கேட்டது, அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. எதை அழுத்தினாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். அவள் ஏற்றியதே சரியில்லை என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம், பழி என் தலையில் விழுமே என்று பயந்து செய்யூருக்குப் போன் போட்டேன்.

"டைப் ஆவுதுக்கா, கண்ணுக்குக் காட்டாது. நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு எண்டர் தட்டுங்க," என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மனசுக்குள் திட்டவாவது செய்திருப்பேன். அடுத்து 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று அடிக்கச் சொன்னாள். அடித்தேன். திரை கலர் கலராக விரிந்தது. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

தூங்கி எழுந்து வந்த மாமனார் எட்டிப் பார்த்தார். "இன்னா, சின்னவ சொல்லிக் குடுத்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

விடாமல் பழகினேன். அதற்குள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. லினக்ஸ் தெரியும் என்பதால்தான் எடுத்தார்களாம். முதல் சம்பளம் வந்ததும் எல்லோரையும் முட்டுக்காட்டுக்குப் படகு சவாரிக்கு அழைத்துப்போனாள். படகுத் துறையில் அவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தி எதிர்ப்பட்டாள். ஓரகத்தி என் தோளில் கை போட்டு அவளிடம், "எங்க வூட்ல அக்காவுக்கும் லினக்ஸ் தெரியும்," என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். படகு கரை திரும்பும்வரை அந்த 'உம்' என்னை அரித்துக்கொண்டே இருந்தது.